சின்ன ரயிலுக்கு ஒரு முன்விளக்கு



மஸ்ஜித் இந்தியாவில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் பலர் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்குகிறார்கள். அங்கு வந்து நிற்கும் கிளானா ஜெயா தடத்து ரயிலில் ஓட்டுநர் கிடையாது. 1998-இல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே அது கணினிக் கட்டளைக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறது. வீட்டு மேசையில் ஓடும் மாடல் ரயிலையும் இன்று அப்படி ஓட்டலாம்.

பழைய முறையில் தண்டவாளத்தில் மின்சாரத்தைக் கூட்டினால் வண்டி வேகமெடுக்கும், விளக்கும் பிரகாசிக்கும். வண்டி நின்றால் விளக்கு அணைந்துவிடும். டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் 14, 15 வோல்ட் இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு பலகை தனக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்று மோட்டாரையும் விளக்கையும் இயக்கும். நிலையத்தில் நின்றாலும் முன்விளக்கு எரியும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் 1990-களில் இதற்குத் தரம் வகுத்தது. கம்பிகளின் நிறம்கூட அதில் உண்டு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான நேர்முனை, வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு.

வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட் போதும். நீலக் கம்பியில் சுமார் 13 வோல்ட் வரும். மிச்சமுள்ள 10 வோல்ட்டைத் தாங்க 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். அப்போது 10 மில்லி ஆம்பியர்தான் ஓடும். நீலக் கம்பியை ரெசிஸ்டர் வழியாக எல்.இ.டி.யின் நீண்ட காலில் பற்றவைக்க வேண்டும். குட்டைக் கால் வெள்ளைக் கம்பிக்கு. ரெசிஸ்டர் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் சில காசுக்குக் கிடைக்கும்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் விளக்கின் ஒரு முனையும் மோட்டாரின் ஒரு முனையும் உலோகச் சட்டத்தைத் தொட்டிருக்கும். சட்டமோ சக்கரம் வழியாகத் தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கும். அந்தத் தொடர்பை அறுக்காமல் டிகோடரை மாட்டினால், தண்டவாள மின்சாரம் நேராக அதற்குள் பாயும். ஒரு நொடியில் புகை வரும். கருகிய பலகை திரும்பி வராது. பையன் சேர்த்து வைத்த காசும் போச்சு.

ஆகவே, டிகோடரை இணைக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். மோட்டாரின் இரு முனைகளும் சக்கரத்தையோ சட்டத்தையோ தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள். விளக்கின் பழைய இணைப்பைத் துண்டியுங்கள். பற்றவைத்த இடங்களை உறையிட்டு மூடுங்கள். முதல் சோதனையை மின்சாரம் குறைவாக விடப்படும் நிரல் தடத்தில் செய்யுங்கள். தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், பலகையும் பெரும்பாலும் தப்பிக்கும்.

"விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு மெனக்கெடலா?" என்று எதிரணி கேட்கலாம். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலிருந்தும் செந்தூல் பட்டறையிலிருந்தும் இந்த நாட்டு ரயிலுக்கு உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். தொழிலைக் கையால் தொட்டுக் கற்றவர்கள் அவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் கைப்பேசித் திரையை மட்டும் தொட்டு வளர்ந்தால் நட்டம் யாருக்கு? பிள்ளை ஒரு முன்விளக்கை எரிய வைக்கும்போது, அளந்து பார்த்த பிறகே இணைக்க வேண்டும் என்ற பழக்கமும் அவனுக்கு வந்துவிடுகிறது. பள்ளி விடுமுறையில் அதற்கு ஒரு மேசையும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக் கொடுங்கள்.