கரைஞ்ச உப்பு கண்ணுக்குத் தெரியாது
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேதியியல் பற்றிப் பேசப் போறேன்னதும் சிலர் முகம் மாறுது. பயப்படாதீங்க. அடுப்படியில தினமும் நீங்க செய்யறதுதான் அது. இன்னைக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் பார்ப்போம். ஒரு பொருள் தண்ணீரில் எப்படிக் கரையுது? அதைத் தெரிஞ்சுக்கிட்டா வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கிற குழந்தைக்கு என்ன பயன்?

ஒரு டம்ளர் தண்ணியில உப்பைப் போட்டுக் கலக்கினா உப்பு காணாமப் போகுது. ஆனா அது எங்கேயும் போகலை. நாக்கில் வெச்சா தெரியும். தண்ணீரை வற்ற விட்டா திரும்பவும் கிடைக்கும். தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் செய்யற வேலை அதுதான்.

உப்பு என்பது சோடியம், குளோரைடு என்ற இரண்டு வகைத் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கிற கட்டி. ஒன்றுக்கு நேர் மின்சுமை, இன்னொன்றுக்கு எதிர் மின்சுமை. தண்ணீர்த் துகளுக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் நேர், மறு பக்கம் கொஞ்சம் எதிர். அதனால தண்ணீர் உப்பைச் சூழ்ந்து நின்னு, ஒவ்வொரு துகளாகப் பிரிச்சு இழுத்துக்குது. சர்க்கரையின் துகள் அப்படி உடையாது, முழுசாகவே தண்ணீருக்குள் பரவும். மஞ்சள் தூளைப் போட்டா கலங்கும். கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கிடும். கலங்குவது வேற, கரைவது வேற.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 360 கிராம் உப்பு வரைக்கும் கரையும். அதற்கு மேல் போட்டாத்தான் அடியில் தங்கும். ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு இருக்க வேண்டிய உப்பு 2.6 கிராம்தான். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. மூணையும் மூணு கண்ணாடி டம்ளரில் ஊத்தி வெச்சா, பார்வைக்கு மூணும் ஒண்ணுதான். அதனால் கரைசலுக்குக் கண் அளவு உதவாது. கை அளவும் உதவாது.

அளவு கூடினா என்ன ஆகும்? மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு ராத்திரி மூடி வெச்சா, காலையில ஜாடியில தண்ணி விட்டிருக்கும் இல்லையா? நாம ஊத்தின தண்ணி இல்லை அது. உப்பு அதிகமா இருக்கிற பக்கம் தண்ணீர் இழுபட்டு வெளியே வந்திருக்கு. குழந்தைக்கு உப்போ சர்க்கரையோ கூடுதலாப் போட்ட கரைசலைக் கொடுத்தா, குடலுக்குள் அதே வேலை நடக்கும். உடம்பில் மிச்சம் இருக்கிற தண்ணீரையும் அது குடலுக்குள் இழுக்கும், போக்கு அதிகமாகும். உப்பு ரத்தத்தில் ஏறினா உயிருக்கே ஆபத்து. ரொம்ப நீர்த்துப் போனாலும், இழந்த உப்பு உடம்புக்குத் திரும்பக் கிடைக்காது.

சரியான அளவில் கொடுத்தா நடப்பது வேற. குடல் சுவரில் உப்பும் குளுக்கோஸும் ஜோடியா உள்ளே போகிற வழி ஒன்று இருக்கு. அவை இரண்டும் போனா, பின்னாலேயே தண்ணீரும் போகும். கடுமையான வயிற்றுப்போக்கிலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடாது. அதனாலதான் வெறும் தண்ணீரால் ஆகாதது இந்தக் கரைசலால் ஆகுது.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொன்காவ்ன் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து கலந்து, பீப்பாயில் ஊற்றி வைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளுக்குக் குவளையில் மொண்டு கொடுத்தவர்களில் பலர் அவர்களுடைய சொந்தக்காரர்கள்தான். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, 4க்கும் கீழே இறங்கியது. 2023இல் அவருடைய மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அங்கே உயிரைக் காத்தது அளந்து போட்ட உப்பும் சர்க்கரையும்.

இனி நாம செய்ய வேண்டியது:

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கொதிக்க வைத்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டணும். பாதியை இன்னைக்கு, பாதியை நாளைக்குன்னு பிரிக்கக் கூடாது. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் இருக்கு, அதனால உறையைப் படிச்சுப் பாருங்க. கலந்த பிறகு கொதிக்க வைக்காதீங்க. 24 மணி நேரம் ஆனா மிச்சத்தைக் கொட்டிடுங்க.

பாக்கெட் இல்லாத ராத்திரியில், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பு. குவிச்சு அள்ளக் கூடாது. கொடுக்கும் முன்னே நாமே ருசி பார்க்கணும். கண்ணீரை விட உப்புக் கரிச்சா கீழே கொட்டிட்டு, புதுசா அளந்து கலக்கணும்.

2 வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை கரண்டி கரண்டியாகக் கொடுங்க. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரையைச் செவிலியர் சொல்கிறபடி 14 நாளும் கொடுக்கணும். போக்கு நின்னாலும் விடக் கூடாது. குழந்தை குடிக்க மறுத்தாலோ, மயங்கிக் கிடந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுங்க. வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கிட்டே போங்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சொம்பு வீட்டுக்கு வீடு மாறும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு எல்லாரும் தங்கள் வீட்டுச் சொம்பை எடுத்துக்கிட்டு வாங்க. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து ஊத்தி, தண்ணீர் நிற்கிற இடத்தில் ஆணியால் ஒரு கோடு போடுங்க. குழுவுக்கு ரெண்டு பாக்கெட் ஊக்குநர் வீட்டில் எப்பவும் இருக்கட்டும். சேமிப்பையும் கடனையும் ஒரு ரூபாய் பிசகாமல் எழுதத் தெரிந்த நமக்கு, இந்த அளவு பெரிய காரியம் இல்லை.