வான்கோழியும் வாக்குச்சீட்டும்



கனடாவின் தேர்தல் நாளைக் குறித்தவர்கள் விருந்துச் சாப்பாட்டை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 2007இல் வந்த சட்டத்தின்படி, பொதுத்தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒக்டோபர் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை. நன்றி நவிலும் நாளான தாங்ஸ்கிவிங்கோ அதே மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை. 1957 முதல் அப்படித்தான். ஆகவே, சட்டம் சொன்ன நாளில் தேர்தல் நடக்கும்போதெல்லாம் சரியாக ஏழு நாள் முன்னதாக வான்கோழி மேசைக்கு வந்துவிடும். முற்கூட்டிய வாக்களிப்பின் கடைசி நாளும் அந்தத் திங்கட்கிழமைதான். வெளியே மேப்பிள் இலை சிவந்து உதிர்கிறது. முற்றத்துப் புல்லில் கட்சிப் பலகைகள் நிற்கின்றன. உள்ளே அண்ணன் குடும்பம், அத்தை குடும்பம் எல்லாம் கூடியிருக்க, வீட்டுப் பெரியவர் ஓர் உத்தரவு போடுகிறார்: "இண்டைக்கு அரசியல் வேண்டாம். சாப்பிடுங்கோ."

அந்த உத்தரவைத்தான் இந்த மேடை எதிர்க்கிறது.

2015ஐ நினைவுபடுத்திக்கொள்வோம். அந்த ஆண்டு தாங்ஸ்கிவிங் ஒக்டோபர் 12; தேர்தல் ஒக்டோபர் 19. தாங்ஸ்கிவிங்குக்குப் பத்து நாள் முன்பு, ஒக்டோபர் 2ஆம் தேதி, அப்போது ஆண்ட கொன்சர்வேட்டிவ் கட்சியின் இரண்டு அமைச்சர்கள் ஒலிவாங்கி முன் நின்று ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள். "காட்டுமிராண்டித்தனமான கலாசாரப் பழக்கங்களை"ப் பற்றித் துப்புக் கொடுக்கத் தொலைபேசி எண் ஒன்று அமைக்கப்படுமாம். கட்டாயத் திருமணமும் பெண்களுக்கு எதிரான வன்முறையும் ஏற்கெனவே குற்றங்கள். அவற்றைச் சொல்லப் பொலிஸ் எண் ஏற்கெனவே இருக்கிறது. பிறகு எதற்கு இன்னோர் எண்? அடுத்த வீட்டுக்காரரைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கத்துக்கு அரச முத்திரை குத்துவதைத் தவிர வேறென்ன வேலை அதற்கு?

அந்த நீண்ட வார இறுதி தொடங்கிய வெள்ளிக்கிழமை, ஒக்டோபர் 9 அன்று, பாகிஸ்தானில் பிறந்த ஸுனேரா இஷாக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தார். முகத்தை மூடிய நிகாப்போடு எடுத்தார். தனியறையில் பெண் அதிகாரியிடம் முகத்தைக் காட்ட அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனாலும் சபையில் முகம் திறந்தே ஆகவேண்டும் என்று 2011இல் அரசு விதி போட்டிருந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 2015 பெப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றமும், செப்டம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லின. அரசோ உச்ச நீதிமன்றம் வரை போவோம் என்று பிரசாரக் கூட்டங்களில் முழங்கிக்கொண்டிருந்தது. வென்றவர் குடியுரிமையோடு வாக்குரிமையும் பெற்றுக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த வார இறுதியில் மேசையில் உட்கார்ந்த குடியேற்றக் குடும்பத்துக்கு என்ன தோன்றியிருக்கும்? அடைக்கலம் தந்த நாடு என்ற நன்றி உண்மை. உன் கடவுச்சீட்டு மற்றவன் கடவுச்சீட்டைவிட ஒரு படி கீழ் என்று சொல்லும் அரசின் மேல் கோபமும் உண்மை. நன்றியும் கோபமும் ஒரே இலையில் பரிமாறப்பட்ட நாள் அது. "சி-24" என்ற சட்டம், இரட்டைக் குடியுரிமை உள்ளவர் பயங்கரவாதக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் கனடியக் குடியுரிமையைப் பறிக்க அதிகாரம் கொடுத்தது. அதே குற்றத்தைச் செய்த, வேறு குடியுரிமை ஏதும் இல்லாத கனடியருக்குச் சிறை மட்டுமே. குற்றவாளிக்கு இரக்கம் காட்டச் சொல்லவில்லை இந்த மேடை. ஒரே குற்றத்துக்கு இரண்டு விதக் குடிமக்கள் ஏன் என்றுதான் கேட்கிறது. 2017இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. நீக்கியது மேசையில் கட்டிக்காத்த மௌனமா? இல்லை, வாக்கு.

2015இன் அந்த நான்கு நாள் முற்கூட்டிய வாக்களிப்பில், தாங்ஸ்கிவிங் திங்கட்கிழமையும் சேர்த்து, சுமார் 36 இலட்சம் பேர் வாக்களித்தார்கள். 2011இல் அந்த எண்ணிக்கை சுமார் 21 இலட்சம். பல சாவடிகளில் மணிக்கணக்கில் வரிசை. இறுதியில் 68.3 சதவீத வாக்களிப்பு, 1993க்குப் பிறகு மிக உயர்ந்தது. கொன்சர்வேட்டிவ்களுக்கு 99 ஆசனம், லிபரல்களுக்கு 184.

இதைக் கேட்டு நல்லவர்கள் வென்றார்கள் என்று கைதட்டிவிட வேண்டாம். நிகாப் பூச்சாண்டி கியூபெக்கில் வேலை செய்தது. ஸுனேராவின் உரிமைக்காகப் பேசிய புதிய ஜனநாயகக் கட்சி (என்டிபி) அங்கே 59 ஆசனத்திலிருந்து 16க்கு விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, "அது முஸ்லிம்களின் பிரச்சினை, நமக்கென்ன?" என்று கையைத் துடைத்துக்கொண்ட தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அந்த நன்றி மறக்கக் கூடாதது. 2010 ஓகஸ்டில் "சன் சீ" கப்பலில் 492 பேர் வந்தபோது கரையில் காத்திருந்தது சிறை. தாய்மாரும் பிள்ளைகளும்கூட அடைக்கப்பட்டார்கள். கப்பலில் ஆட்கடத்தல்காரரும் பயங்கரவாதிகளும் இருக்கக்கூடும் என்று நாட்டுக்குச் சொன்னவர் அன்றைய பொதுப் பாதுகாப்பு அமைச்சர். ஒன்பது மாதம் கழித்து, 2011 மே தேர்தலில், ராதிகா சிற்சபைஈசன் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து முதல் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினராக ஒட்டாவா போனார். 2015 தாங்ஸ்கிவிங்குக்கு அடுத்த வாரம் இன்னொரு தமிழரான கரி ஆனந்தசங்கரி வென்றார். 2025 மே மாதம் அதே பொதுப் பாதுகாப்பு அமைச்சுக்கே அமைச்சரானார். அவர் அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டு அவரையும் குடைய வேண்டும், அது வேறு கூட்டம். ஆனால் அந்த நாற்காலிக்கு வழி போட்டவர்கள், வரிசையில் நின்ற அம்மம்மாக்களும் மாமாக்களும்தான்.

வாயை மூடிச் சாப்பிட்ட ஆண்டும் உண்டு. 2008இல் விருந்துக்கும் வாக்குக்கும் இடையே ஓர் இரவுதான்: ஒக்டோபர் 13 தாங்ஸ்கிவிங், 14 தேர்தல். அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் சரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பு கண் முன்னே கரைகிறது. பிரதமர் ஹார்ப்பரோ பங்குகளை வாங்க நல்ல வாய்ப்புகள் இருப்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னார். தாங்ஸ்கிவிங் அன்று நியூயோர்க்கில் டௌ ஜோன்ஸ் 936 புள்ளி எகிறியது. ரொறன்ரோ சந்தை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. மறுநாள் வாக்களித்தவர்கள் 58.8 சதவீதம். அதுவரை நடந்த எந்தக் கூட்டாட்சித் தேர்தலிலும் அவ்வளவு குறைந்ததில்லை. விடுமுறை மட்டுமே காரணமல்ல, சலிப்பும் காரணம். அந்தச் சலிப்பை உடைக்க வேண்டிய இடம் சாப்பாட்டு மேசை இல்லையென்றால் வேறு எது?

பண்டிகையைக் காரணம் காட்டுவதில் ஆட்சியாளர்களும் சளைத்தவர்கள் அல்லர். 2019இல் தேர்தல் நாள் யூதர்களின் புனித நாளில் விழுந்தது. தாங்ஸ்கிவிங் திங்களன்று நடந்த முற்கூட்டிய வாக்களிப்பு அவர்களுடைய சுக்கோத் பண்டிகையில் விழுந்தது. ஒரு வாரம் தள்ளுங்கள் என்று நீதிமன்றம்வரை போய்க் கேட்டார்கள், தேதி மாறவில்லை. அடுத்தது 2025இன் முறை. சட்டம் குறித்த தேர்தல் நாளான ஒக்டோபர் 20 தீபாவளி. இந்துக்களின் மேல் திடீர்ப் பாசம் பொங்கி, ஆல்பர்ட்டாவின் உள்ளூராட்சித் தேர்தலையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, தேதியை 27க்குத் தள்ள லிபரல் அரசு மசோதா கொண்டுவந்தது. 2019 ஒக்டோபர் 21இல் முதன்முதலாக வென்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்க ஆறு ஆண்டு நிறைய வேண்டும். 20ஆம் தேதி தேர்தல் வந்து தோற்றால் ஒரு நாள் குறையும்! ஊர் சிரித்தது. மசோதா 2025 ஜனவரியில் பாராளுமன்றத்தோடு முடங்கியது. தேர்தலும் ஏப்ரலிலேயே நடந்துவிட்டது.

இந்த நாட்டின் முதற்குடியினரிடம் போய் "நன்றி சொல், அரசியல் பேசாதே" என்று சொல்லிப் பாருங்கள். தம் சட்ட அந்தஸ்தை விட்டுக்கொடுக்காமல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவர்கள் எல்லோருக்கும் கிடைத்ததே 1960இல். பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்கு நடந்ததை உண்மை, நல்லிணக்க ஆணையம் 94 பரிந்துரைகளோடு 2015 ஜூனில் நாட்டின் முன் வைத்தது. அந்த ஒக்டோபரில் முதற்குடியினருக்கு ஒதுக்கிய சில குடியிருப்புகளில் வாக்குச்சீட்டே தீர்ந்துபோகும் அளவுக்கு மக்கள் திரண்டார்கள். பத்துப் பூர்வகுடி உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனார்கள். அதுவரை அத்தனை பேர் போனதில்லை.

உறவுகளே, இடையில் ஆட்சி கவிழாவிட்டால் அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஒக்டோபர் 15. தாங்ஸ்கிவிங் ஒக்டோபர் 8. அன்று காலை ஒன்பது மணிக்கே முற்கூட்டிய வாக்களிப்புத் தொடங்கிவிடும். இரவு ஒன்பது வரை நடக்கும். வான்கோழி வேக எப்படியும் சில மணி நேரம் எடுக்கும். மிளகாய்த்தூள் பூசி அதை அடுப்பில் வைத்துவிட்டு, குடியுரிமை பெற்ற அம்மம்மாவையும், பதினெட்டு நிரம்பிய பிள்ளைகளையும், "எனக்கு அரசியல் பிடிக்காது" என்று சொல்லும் அந்த மச்சானையும் காரில் ஏற்றுங்கள். முகவரியுள்ள சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொள்ள மறவாதீர்கள்.