சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி

நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரைப் புகழ்ந்து அமர்வது வழக்கம். இந்தச் சொற்பொழிவுக்கு நிதி வைத்த குடும்பத்தார் அதை விரும்பவில்லை. குடியை விட்டவருக்கு, மருத்துவமனையை விட்டு வந்தபின் யார் துணை என்று பேசச் சொன்னார்கள்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பின், 1980-இல் டி.டி.ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக்கேடாக மட்டுமே பார்த்த காலத்தில், அதை நோய் என்று எடுத்துச் சொல்லி, சிகிச்சையில் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்ட நிறுவனம் அது. பின்பு மஞ்சக்குடி போன்ற ஊர்களுக்கு முகாமையே கொண்டு போனார்கள். அதற்கும் முன்பே, 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய, குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இருக்கிறது. அங்கே ஸ்பான்சராக வழிகாட்டுபவர் காசு வாங்குவதில்லை. வாங்கவும் கூடாது, அந்த இயக்கத்தின் பலமே அதுதான்.

டாக்டருக்கும் ஸ்பான்சருக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அமெரிக்காவில் அதைச் சம்பளம் வாங்கும் ரிகவரி கோச் நிரப்புகிறார். இவர்களில் பலர் தாமே குடியிலிருந்து மீண்டவர்கள்.

அவர் செய்யும் வேலைதான் என்ன? வாரக்கூலி வாங்கும் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை ஐந்தரைக்குப் பணம் கைக்கு வரும். டாஸ்மாக் இரவு பத்துக்கு மூடும். கடக்க வேண்டியது நாலரை மணி நேரம். கோச் கேட்பதெல்லாம் இதைப் பற்றித்தான்: பணத்தை உடனே யாரிடம் கொடுப்பது? எந்த ஸ்டாப்பில் இறங்கினால் கடை கண்ணில் படாது? “வா, ஒரு கட்டிங் போடுவோம்” என்று கூட்டாளி இழுத்தால் என்ன பதில்? மதியம் சாப்பிட்டாரா? பசியும் அசதியும் சேர்ந்தால் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும். இதில் உபதேசத்துக்கு வேலையே இல்லை. உபதேசத்தைக் கொத்தனார் தம் மாமியாரிடம் வேண்டிய மட்டும் கேட்டிருப்பார்.

கோச்சுக்கு எல்லையும் உண்டு. பல ஆண்டு குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள்ளேயே வலிப்பு வரலாம். அடுத்து மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியலாம். அப்போது பேசிக்கொண்டிருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலக்கும் வீடுகளில் அதைத் தடுப்பதும் கோச்சின் பொறுப்பு. அந்த மாத்திரையான டைசல்ஃபிராம் உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் உயிருக்கே உலை. மன உறுதி போதும், மருந்து வேண்டாம் என்று சொல்கிற கோச்சை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

மீண்டவர்களைத் ‘தொண்டர்’ என்று அழைத்து, சாப்பாடு மட்டும் போட்டு இரவு பகலாக வேலை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. சம்பளம் கொடுங்கள். ஆனால் இவர் பொறுப்பில் எத்தனை பேர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று எண்ணி அதை நிர்ணயிக்காதீர்கள். அப்படிச் செய்தால், ஒருவர் சறுக்கும்போது அவரும் கோச்சும் சேர்ந்து அதை மறைப்பார்கள். உதவி மிகவும் தேவைப்படுவதோ அந்த நாளில்தான்.

அறங்காவலர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்த நிதியின் வட்டியில் கோச் ஒருவருக்கு மாதச் சம்பளத்தில் ஒரு பங்காவது கொடுத்துப் பாருங்கள். சொற்பொழிவை இரண்டாண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம்.