கையேடு சொல்வதும் பெட்டி செய்வதும்



மென்பொருள் துறையில் பணிபுரியும் பழைய மாணவியராகிய நாங்கள், நீங்கள் எல்லோரும் அறிந்த ஒரு பொருளைப் பற்றியே பேச வந்தோம். இணையப் படிவத்தில் பெயர் எழுதும் பெட்டிதான் அது.

'இத்தனைக்கு மேல் எழுதவிடாதே' என்று அந்தப் பெட்டிக்குக் கட்டளையிட 'மக்ஸ்லெந்த்' என்றொரு சொல் உண்டு. 1999 இல் வெளிவந்த எச்.ரி.எம்.எல். 4.01 விதிநூல், அதை எழுத்துகளின் உச்ச எண்ணிக்கை என்றது. இன்றைய விதிநூல் குறியீட்டு அலகுகள் என்று திருத்தமாகச் சொல்கிறது. உலாவிகளும் அவற்றையே எண்ணுகின்றன. ஆனால் பல கையேடுகள் இன்னமும் 'எழுத்துகள்' என்றே எழுதுகின்றன.

ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு தெரியாது. தமிழில் அடியெழுத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று, அரவுக்கு ஒன்று என்று கணக்கு ஏறும். 'யாழ்ப்பாணம்' எமக்கு 6 எழுத்து; பெட்டிக்கு 11. 'தமிழ்ச்செல்வி' எமக்கு 7, பெட்டிக்கு 13. பத்து என்று வரையறுத்த பெட்டியில் அவள் பெயர் 'தமிழ்ச்செல' என்பதோடு நின்றுவிடும். உலாவி தானாக எந்த எச்சரிக்கையும் தராது.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், படிவத்தில் அரைப் பெயர் என்றால், அலுவலகம் அலுவலகமாக அலைபவள் அந்தப் பிள்ளைதான். பெட்டியைச் செய்தவர் அல்லர். ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுப் பரிசோதித்தவருக்கு இது கண்ணில் படவே மாட்டாது. கையேட்டில் 'எழுத்து' என்றிருப்பதை நம்பியே அவரும் பத்து என்று வைத்திருப்பார்.

ஆகவே இத்துறைக்கு வரவிருக்கும் தங்கைமாருக்கு நாங்கள் சொல்வது மூன்று. கையேட்டை வாசியுங்கள், பிறகு உங்கள் வகுப்பிலேயே மிக நீளமான தமிழ்ப் பெயரைப் பெட்டியில் இட்டுப் பாருங்கள். கையேடு எழுதும்போது எதை எண்ணுகிறோம் என்பதைச் சொல்லுங்கள். நிரலை மாற்றும் நாளிலேயே கையேட்டையும் மாற்றுங்கள்.

படிவம் நிரப்பும் மற்றைய சகோதரிகளுக்கு ஒன்று. பெயர் பாதியில் நின்றால், தமிழில் எழுதியது உங்கள் பிழையென்று எண்ணி ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள். எந்தப் பெயர், எந்த எழுத்தோடு நின்றது என்று குறித்து உரியவர்களுக்கு அறிவியுங்கள். திருத்துபவருக்கு வேண்டியது அந்தக் குறிப்புத்தான்.