கடுக்காயும் நம்ம வயிறும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அறிவியல்ல ஏதாவது பேசு, ஆனா சாப்பாட்டு நேரம், சுருக்கமா முடி" என்று செயலாளர் காதைக் கடித்துவிட்டுப் போனார். அதனால் வயிற்றைப் பற்றியே பேசிவிடலாம் என்று கடுக்காயை எடுத்துக்கொண்டேன். ஒருத்தன் ஏமாற்றிவிட்டால் 'கடுக்காய் கொடுத்துட்டான்' என்கிறோம். நான் அப்படிக் கொடுக்க மாட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

திண்டுக்கல் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் பூட்டும் பிரியாணியும்தான் தெரியும். எங்கள் தலைமுறைக்கு அதோடு தோல் ஷாப்பு வாடையும் சேர்த்தி. வத்தலக்குண்டு சாலைப் பக்கம் போனால் மூக்கே வழி சொல்லும். அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையைத்தான் டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக எழுதி 2012இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றார். என் அப்பா ஒரு தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளை. சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நான் கிட்டங்கிக்குள் நுழைந்துவிடுவேன். ஒரு பக்கம் ஆவாரம்பட்டை, இன்னொரு பக்கம் மூட்டை மூட்டையாகக் கடுக்காய். குரோம் உப்பு வந்து இடத்தைப் பிடிக்கும் முன்பு இந்த இரண்டும்தான் தோலைப் பதப்படுத்தின.

காய்ந்த கடுக்காயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானின் என்கிற துவர்ப்புச் சரக்கு. தோலில் உள்ள புரதத்தோடு அது இறுகப் பிணைந்துகொள்ளும். பிறகு கிருமி அதை எளிதில் அழுகச் செய்ய முடியாது. பச்சைத்தோல் செருப்பாகும் ரகசியம் அவ்வளவுதான்.

அதே கடுக்காயைத்தான் வீட்டில் அப்பத்தா கொட்டையை நீக்கி இடித்து, ராத்திரி வெந்நீரில் கலந்து கொடுக்கும். காலையில் வயிறு சுத்தம்! தோலை இறுக்குகிற சரக்கு வயிற்றை எப்படி இளக்கும்? பி.எஸ்சி. படிக்கும்போது இதை வகுப்பில் கேட்டேன். "பரீட்சைக்கு வராததை எல்லாம் கேட்காதே" என்றார் ஆசிரியர். (அவர் இன்று இங்கே இல்லை, தைரியமாகச் சொல்கிறேன்.) இப்போது தெரிந்தவரையில், காய்க்குள் டானின் மட்டும் இல்லை, மலமிளக்கும் பொருள்களும் இருக்கின்றன. பிஞ்சா, முற்றியதா என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். போதாததற்கு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள் பெரிய டானின் மூலக்கூறுகளைச் சின்னச் சின்னதாக உடைத்து வேறு பொருளாக்கிவிடுகின்றன. நாம் விழுங்குவது ஒன்று, குடலில் வேலை செய்வது இன்னொன்று.

சரி, சோதித்துப் பார்த்தவர்கள் யார்? 1997இல் மும்பை ஆய்வாளர்கள் எலிகளுக்கு 15 நாள் கடுக்காய் கொடுத்து, இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று அளந்தார்கள். சாதாரண எலியில் சுமார் 52 சதவீதம் உணவு இறங்கிய நேரத்தில், டாக்டர்கள் எழுதித்தரும் மெட்டோகுளோபிரமைடு கொடுத்த எலியில் 76 சதவீதம். கடுக்காய் தின்ற எலியில் 87 சதவீதம்! சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது, உப்புசமாக இருக்கிறது என்பவர்களுக்கு அப்பத்தா ஏன் கடுக்காய் கொடுத்தாள் என்பதற்கு இது ஒரு தடயம். ஆனால் ஒரு குழுவுக்குக் கொஞ்சம் எலிகள்தான், அதையும் மறைக்கக்கூடாது.

அடுத்தது வயிற்றுப்புண். அதற்கு ஹெலிகோபாக்டர் என்ற கிருமி காரணம் என்று காட்டிய ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல், 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005இல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் வாங்கினார். அந்தக் கிருமியைக் கடுக்காய்ச் சாறு தடுக்கிறது என்று 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காலரா ஆராய்ச்சியில் பேர்பெற்ற ரீட்டா கோல்வெல் அதில் ஒருவர். பிறகு 2013இல், லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தார் கடுக்காயிலிருந்து செபுலினிக் அமிலத்தைப் பிரித்து, அது அமிலச் சுரப்பைக் குறைத்து எலிகளின் இரைப்பையைப் புண்ணிலிருந்து காக்கிறது என்று கண்டார்கள். நம்மில் பாதிப் பேர் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை அடைக்கிற அதே அமிலப் பம்பைத்தான் இதுவும் அடைக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: ஒன்று கண்ணாடித் தட்டு, மற்ற இரண்டும் எலி. மனிதர்களிடம் பெரிய அளவில், கடுக்காயை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்த சோதனை மிகக் குறைவு. திரிபலாவில் நடந்தவை உண்டு. அதில் நெல்லியும் தான்றியும் சேர்ந்திருப்பதால் எந்தக் காய் வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. 'விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது' என்று டப்பாவில் அச்சடித்து விற்பவர்கள் இந்த இடத்தில்தான் நமக்குக் கடுக்காய் கொடுக்கிறார்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. நிலக்கோட்டைப் பக்கம் என் தாய்மாமன், மலத்தோடு ரத்தம் போவதை மூலம் என்று தானே முடிவுகட்டி, ஒரு வருஷம் கடுக்காய்ப் பொடி தின்றார். கொஞ்சம் கேட்டது போலவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் பரிசோதித்தபோது பெருங்குடலில் புற்று, ஈரல் வரை போயிருந்தது. ஏழு மாதத்தில் போய்விட்டார். கடுக்காய் அவரைக் கொல்லவில்லை. அது கொடுத்த நிம்மதியில் அந்த ஒரு வருஷம் போய்விட்டது. ரத்தம் போனாலோ, உடம்பு காரணமில்லாமல் இளைத்தாலோ, நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் மலப்பழக்கம் திடீரென்று மாறினாலோ, முதலில் டாக்டர், அப்புறம் நாட்டு மருந்துக் கடை. கர்ப்பிணிகளுக்குக் கடுக்காய் கூடாது என்று சித்த மருத்துவர்களே சொல்கிறார்கள்.

இந்நாள் வேதியியல் மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நம்ம ஊரில் பத்துக் கடைகளில் கடுக்காய்ப் பொடி வாங்குங்கள். புதுசு, பழசு, பிஞ்சு, முற்றல் எல்லாம் தனித்தனியாக வேண்டும். உங்கள் ஆய்வகத்திலேயே பர்மாங்கனேட் டைட்ரேஷனில் டானின் அளவைக் கண்டுபிடிக்கலாம். கடைக்குக் கடை எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தாலே, 'ஒரு ஸ்பூன்' என்று நாம் சொல்லும் அளவுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அடுத்த சந்திப்பில் முடிவை நீங்கள் இதே மேடையில் சொல்லுங்கள். கடுக்காய் வாங்குகிற செலவு என்னுடையது.