நூறிலிருந்து ஏழு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பேசக் கூப்பிட்டபோது மின்துறை வேலையைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். "உனக்கு வந்ததைப் பத்திச் சொல்லுப்பா" என்றார்கள். சொல்கிறேன்.

2023-இல், முப்பத்தைந்து வயதில், எனக்கு லேசான பக்கவாதம் வந்தது. காலையில் பிரஷ் கையிலிருந்து நழுவியது, பேச்சு குழறியது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மனைவி தாமதிக்கவில்லை, பிழைத்தேன். ஐந்தாம் நாள் நடந்தே வீட்டுக்குள் வந்தேன். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கே" என்றார்கள் எல்லோரும்.

நானும் நம்பினேன். ஒரு மாதம் கழித்து டாக்டர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93 என்றேன். யோசித்து 86 என்றேன். அப்புறம் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. இதே கல்லூரியில் ஃபோரியர் சீரிஸ் போட்டவன் நான்!

வெட்கப்பட்டு ஆபீஸில் மறைத்தேன். ஒரு நாள் ரிலே செட்டிங்கில் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன். ஜூனியர் பையன் பார்த்துச் சொன்னதால் தப்பித்தோம். அன்றைக்கே மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன்.

மூளையும் நம்ம ரிங் மெயின் மாதிரித்தான். ஒரு பக்கம் கேபிள் போனால் மறுபக்கத்திலிருந்து சப்ளை கொடுக்கிறோம் அல்லவா? செத்த செல்கள் திரும்பாது. மிச்சமுள்ளவை அந்த வேலையைப் பழகிக்கொள்ளும். ஆனால் சுவிட்ச் போட்டதும் வந்துவிடாது. முதல் சில மாதங்கள் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் வரும். நல்ல தூக்கம், நடை, பி.பி. கட்டுப்பாடு, ஒரு நேரத்தில் ஒரே வேலை, சட்டைப் பையில் குறிப்பு நோட்டு - இப்படித்தான் நான் தேறினேன்.

என் ஹாஸ்டல் ரூம்மேட் தினமும் ராத்திரி போன் பண்ணுவான். "இன்னிக்கு என்னென்ன செஞ்சே, வரிசையாச் சொல்லுடா" என்பான். தடுமாறினால் எடுத்துக் கொடுக்க மாட்டான், காத்திருப்பான்.

தம்பி தங்கைகளே, யாருக்காவது முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். "தூங்கி எழுந்தா சரியாப் போயிடும்" என்று இருக்காதீர்கள். நண்பர்களே, பிழைத்து வந்தவனிடம் "நல்லாத்தான் இருக்கே" என்று முடித்துவிடாமல், "இப்போ எதுடா கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள்.

இன்றைக்கு நூறில் தொடங்கி 2 வரை சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.