வராத நாளின் கணக்கு

தொழிலாளர் சட்டம் பற்றிப் பேசும்படி அறக்கட்டளைக் குழுவினர் கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அதையும் தொழிலாளர் சட்டமாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஆலையில் வேலைசெய்யும் ஒரு பெண் ஷிஃப்டுக்கு வரவில்லை என்றால், 'சொல்லாமல் லீவு' என்று பதிவாகும். முந்தின இரவு கணவன் அடித்ததில் முகம் வீங்கியிருக்கலாம். அடையாள அட்டையை ஒளித்து வைத்திருப்பான். கம்பெனி பஸ் வரும் நேரம் பார்த்துச் சண்டையைத் தொடங்கியிருப்பான். பஸ் போனால் அன்றைய சம்பளம் போச்சு, அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. தமிழ்நாட்டில், தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். அவர்களில் ஆலைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள்தானே?

இழப்பு அந்த மாதத்தோடு நிற்பதில்லை. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிசெய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது நம் மாநிலத்தின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். நோயாலோ விபத்தாலோ அனுமதி பெற்ற விடுப்பாலோ விட்டுப்போன நாட்கள் தொடர்ச்சியைக் கெடுக்காது. அடிபட்டு வீட்டில் கிடந்த நாள்? காரணத்தைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அது அனுமதியற்ற நாள். (காண்ட்ராக்ட், டிரெய்னி என்று பெயர் மாற்றியே பலரை இந்தக் கணக்குக்கு வெளியே நிறுத்துவது வேறொரு சொற்பொழிவுக்கான கதை.)

2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலை வாசல் வரை வருகிறது. அதன் 18-ஆம் பிரிவின்படி, மனைவி வேலைசெய்யும் இடத்துக்குள் கணவன் நுழையக் கூடாதென்று நீதித்துறை நடுவர் தடைவிதிக்கலாம். அவள் வேலையைக் கெடுப்பதும் சம்பளத்தைப் பிடுங்குவதும் பொருளாதார வன்முறை. ஆனால் அந்த ஆணையின் நகல் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியின் கைக்குப் போவதற்கு ஆலைகளில் வழக்கமான ஏற்பாடு ஏது?

பிலிப்பைன்ஸ் 2004-இலேயே குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு 10 நாள் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. நியூசிலாந்து 2019-இல் தந்தது. இங்கே அந்த விடுப்பைக் கேட்டால், மணமான பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள் என்ற அச்சம் எழும், அது பொய்யுமல்ல. சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. பாகுபாடு காட்டவில்லை என்றது நிறுவனம். ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. 'குடும்பப் பிரச்சினை' உள்ளவளை எடுக்கவே வேண்டாம் என்று நினைக்கிற நிர்வாகத்திடம் விடுப்பை மட்டும் கேட்டால், கதவு இன்னும் இறுகும். ஆகவே பணியமர்த்தலில் பாகுபாட்டைத் தண்டிப்பதும் விடுப்பும் ஒரே கோரிக்கையாகப் போக வேண்டும்.

விடுப்பின் காரணம் ஓர் அதிகாரிக்கு மட்டும் தெரிந்தால் போதும். பதிவேட்டில் 'அனுமதி பெற்ற விடுப்பு' என்றிருக்கட்டும். லைன் லீடருக்குத் தெரிய வேண்டியதில்லை. அதே பஸ்ஸில் கணவனின் சொந்தக்காரர்களும் வருவார்கள்.